பிங்க் ஃப்ளாய்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குழுவைப் பற்றி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் பெரும்பாலும் இங்கே இருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்கள்?

1965-இல் லண்டனில் தொடங்கிய ராக் குழு. பேஸ் கிட்டார் ரோஜர் வாட்டர்ஸ், டிரம்ஸ் நிக் மேசன், கீபோர்டு ரிச்சர்ட் ரைட். மூவரும் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் பழக்கமானவர்கள். நான்காவது ஆள் சிட் பாரெட், கேம்பிரிட்ஜ்காரர், ஓவியக் கல்லூரி மாணவர். ஆரம்பத்தில் பாட்டு எழுதுவது, பாடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாமே பெரும்பாலும் அவர்தான். 1968-இல் அவர் இடத்துக்கு டேவிட் கில்மர் வந்தார். அவரும் கேம்பிரிட்ஜ்தான். இந்த ஐந்து பெயர்கள் போதும். அந்தக் கட்டடக்கலை விஷயத்தை மட்டும் ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பிங்க் யார்? ஃப்ளாய்ட் யார்?

குழுவில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. பாரெட்டிடம் இருந்த இசைத்தட்டுகளில் பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்கள் இருந்தன. அதுவரை இவர்கள் 'டீ செட்' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் போனால் அங்கே இன்னொரு டீ செட்! அவசரத்துக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் "உங்களில் பிங்க் யார்?" என்று நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். 1975-இல் அந்தக் கேள்வியை ஒரு பாட்டுக்குள்ளேயே வைத்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

சைகடெலிக், புரோகிரசிவ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் அடுத்தடுத்த வீடுகள். சைகடெலிக் ராக் 1966, 67 வாக்கில் கிளம்பியது. மனம் தன் நிலையிலிருந்து நழுவும் அனுபவத்தை ஒலியாக்கிப் பார்க்கும் முயற்சி அது: எதிரொலி, பின்னோக்கி ஓடும் டேப், ஒரே சுரத்தைச் சுற்றி நீளமாக அலைவது. அதற்கு அப்புறம் வந்த புரோகிரசிவ் ராக்குக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆக்கம், நடுவில் மாறும் தாளம், ஆல்பம் முழுவதற்கும் ஒரே கரு என்று போனது.

பிங்க் ஃப்ளாய்ட் முதல் வீட்டில் பிறந்து இரண்டாவதற்குக் குடிபோன குழு. ஆனாலும் அங்கே அவர்கள் கொஞ்சம் வித்தியாசமான குடித்தனக்காரர்கள்தான். யெஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்களில் விரல் வித்தை பிரமிக்க வைக்கும். இவர்களில் யாரும் அப்படிப்பட்ட வித்வான் இல்லை, அது அவர்களுக்கே தெரியும். அதனால் வாத்தியத்தைவிட அறையை வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது என் கட்சி. இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்.

அறையை வாசிப்பதா? அப்படியென்றால்?

இவர்கள் மாணவர்களாக இருந்தபோது மைக் லியோனார்ட் என்ற கல்லூரி ஆசிரியர் வீட்டில் குடியிருந்தார்கள். அவர் சுழலும் தகடுகளும் கண்ணாடிகளும் வைத்து ஒளிக்கருவிகள் செய்துகொண்டிருந்தவர். இசையும் ஒளியும் சேர்ந்து ஓர் இடத்தை நிரப்ப வேண்டும் என்ற யோசனைக்கு அந்த வீடும் ஒரு காரணம். 1966 கடைசியில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் யூஎஃப்ஓ என்ற கிளப் தொடங்கியபோது இவர்கள்தான் அங்கே வழக்கமாக வாசிக்கும் குழு மாதிரி. நெளியும் வண்ணத் திரவ ஒளி மேலே விழ, முகம் தெரியாமல் நின்று ஒரே ஆக்கத்தை நீட்டி நீட்டி வாசிப்பார்கள்.

அதற்கடுத்த படி 1967 மே 12. லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் ஒரு கச்சேரி. அதில் ரைட்டின் பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். 'அசிமத் கோ-ஆர்டினேட்டர்' என்று பெயர். கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ, அந்த மூலையிலிருக்கும் ஸ்பீக்கருக்கு ஒலி போகும். மெதுவாகச் சுழற்றினால் காலடி ஓசை உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து போகும். மேடையில் நடப்பதைப் பார்க்க வந்தவர்கள் ஒலிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சோப்புக் குமிழிகளும் பூக்களும் வேறு இறைத்தார்கள். இருக்கைகளில் குமிழிக் கறை, விரிப்பில் நசுங்கிய பூ. ஹால் நிர்வாகம் இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட்டது.

முதல் ஆல்பம் எப்படி இருக்கும்?

'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', 1967 ஆகஸ்ட். பாதி குழந்தைக் கதை, பாதி விண்வெளி. சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு, வீட்டுக் குள்ளனைப் பற்றி ஒரு பாட்டு, நடுவே 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' என்று ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் கட்டற்ற வாசிப்பு. பாரெட் சிகரெட் லைட்டரைத் தந்தியில் வழுக்கவிட்டு, பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாக அனுப்புவார். அபி ரோடு ஸ்டூடியோவில் இது பதிவானபோது அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

1973-இல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வருபவர்கள் 'இது வேறு குழுவா?' என்பார்கள். கிட்டத்தட்ட ஆமாம்.

சிட் பாரெட்டுக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் அளவுக்கு மீறிப் போயிற்று, அதோடு மனநிலையும் சரிந்தது. எது முதலில், எதனால் எது என்று கதை கட்டுபவர்கள் நிறைய; நான் அதற்குள் போகவில்லை. 1967 கடைசியில் மேடையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டு நிற்பார், அல்லது எதுவுமே வாசிக்க மாட்டார். கில்மரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள் சவுத்தாம்ப்டன் கச்சேரிக்கு வண்டியில் கிளம்பும்போது, 'சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா?' என்று ஒருவர் கேட்க, 'வேண்டாமே' என்றார் இன்னொருவர். அவ்வளவுதான், வண்டி நேராகப் போய்விட்டது. ஏப்ரலில் முறைப்படி அறிவித்தார்கள்.

அப்புறம் அவர் 1970-இல் இரண்டு தனி ஆல்பங்கள் போட்டார். அவற்றின் தயாரிப்பில் கில்மரும் வாட்டர்ஸும்கூட உதவினார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக ஒதுங்கி வாழ்ந்து, 2006 ஜூலையில் 60 வயதில் காலமானார்.

பாட்டு எழுதியவரே போன பிறகு எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

தட்டுத் தடுமாறித்தான். 1968 முதல் 70 வரை வந்த ஆல்பங்களில் முழுமையாகத் தேறியது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். 'உம்மகும்மா'வில் நால்வரும் ஆளுக்கு அரைப் பக்கம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகச் சோதனை செய்தார்கள். அதில் எல்லாவற்றையும் நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தில் பித்தளை வாத்தியங்கள், கோரஸ் என்று ஒரு பக்கம் முழுக்க ஓடும். அட்டையில் குழுவின் பெயர் இல்லை, படம் இல்லை, ஒரு பசு திரும்பிப் பார்க்கிறது. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

ஆனால் இந்தத் தடுமாற்றக் காலத்தில்தான் பாட்டு வராதபோது ஒலியை வைத்து என்ன செய்யலாம் என்று கற்றுக்கொண்டார்கள். அதன் பலன் 1971-இல் வந்தது.

'எக்கோஸ்' தொடக்கத்தில் ஒரு 'டிங்' கேட்கிறதே, அது என்ன வாத்தியம்?

வெறும் பியானோ. 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும், 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆக்கம் 'எக்கோஸ்'. ரைட் பியானோவின் மேல்ஸ்தாயியில் ஒற்றைச் சுரத்தைத் தட்டினார். அதை மைக்கில் எடுத்து லெஸ்லி ஸ்பீக்கருக்குள் விட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒலிக்குழல் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் ஒலி நெளிந்து வரும். நீருக்கடியில் யாரோ மணி தட்டுவது மாதிரி ஆகிவிட்டது. சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது அது.

நடுவில் ஓர் இடத்தில் தாளம் செத்துப்போய், கடற்பறவைகள் கூட்டமாக அலறுகிற மாதிரி ஒன்று வரும். அது கில்மரின் கிட்டார். வா-வா பெடல் என்ற, கிட்டார் ஒலியை மாற்றும் கால்மிதியில் கேபிளைத் தலைகீழாகச் சொருகிவிட்டால் அது இப்படித்தான் அலறும். மற்றவர்கள் கேபிளைப் பிடுங்கி நேராக மாட்டியிருப்பார்கள். இவர்கள் அதற்குப் பல நிமிடங்களை ஒதுக்கினார்கள்.

பாம்பேய் படம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 1971 அக்டோபரில், இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்தப் பழைய ஊரின் வட்ட அரங்கில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் வாசித்தார்கள். இயக்கியவர் ஏட்ரியன் மேபன். வெயில், கல், ஒலிபெருக்கிகள், நால்வர். சில பகுதிகளைப் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அதில் நோப்ஸ் என்ற நாய் ஒன்று மைக்குக்கு நேராக முகத்தை வைத்து ப்ளூஸ் பாடும். சுருதி பரவாயில்லை.

'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

1973 மார்ச்சில் வந்தது. நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம்; ஆனால் 1988 வரையிலான காலத்தில் மொத்தம் 741 வாரங்கள் பட்டியலில் இருந்தது. எண்ணிக்கை போகட்டும்.

நேரம், பணம், சாவு, புத்தி பேதலிப்பு: ஒரு மனிதனை அழுத்துகிற விஷயங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, வரிகள் முழுவதையும் முதல் முறையாக வாட்டர்ஸ் ஒருவரே எழுதினார். சொற்கள் எளிமையானவை. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே ஒரு வருடத்துக்கு மேல் மேடைகளில் வாசித்து வாசித்துச் செதுக்கியிருந்தார்கள். பதிவு பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் திடீரென்று அடிக்கும் கடிகாரங்கள் அவர் ஒரு பழங்காலக் கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தவை. கேள்விகளை அட்டையில் எழுதிவைத்து, ஸ்டூடியோ வாயிற்காவலர் உட்பட அகப்பட்டவர்களையெல்லாம் மைக் முன்னால் உட்காரவைத்துப் பதில் வாங்கினார்கள். கடைசியாக உனக்கு எப்போது கோபம் வந்தது, சாவுக்குப் பயமா, இப்படி. பாடல்களுக்கு இடையில் முணுமுணுப்பாக வருவது அந்தக் குரல்கள்தான். ஆக, ஆல்பத்துக்குள் போனால் பக்கத்து அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன கட்டடக்கலை இதுதான்.

'மனி' பாட்டுக்குத் தாளம் போட்டால் உதைக்கிறதே?

நாலு நாலாக எண்ணினால் உதைக்கத்தான் செய்யும். அது ஏழு. மிஸ்ர சாப்பு தெரிந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை, ஏழு எண்ணிக்கை பழகிய கை தானாக உட்கார்ந்துவிடும். பேஸ் கிட்டார் அந்த ஏழில்தான் சுற்றுகிறது. கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் நாலுக்கு மாறிவிடுவார்கள், அந்த இடத்தில் பாட்டு கட்டவிழ்த்துவிட்ட மாதிரி ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டி, சில்லறை, காகிதம் கிழியும் ஓசை எல்லாம் தனித்தனியாகப் பதிந்தவை. வாட்டர்ஸின் மனைவி மண்பாண்டக் கலைஞர். அவர் வைத்திருந்த பெரிய கலவைக் கிண்ணத்தில் சில்லறையை வீசி வீசி எடுத்த ஓசையும் அதில் ஒன்று. ஒவ்வொரு ஓசைக்கும் உரிய டேப் துண்டை அடிக்கோல் வைத்து அளந்து, சம நீளமாக வெட்டி, வட்டமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். ஏழு துண்டு, ஏழு அடி. கணினி இல்லாத காலம். தாளத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

சொற்களே இல்லாமல் ஒரு பெண் பாடுவாரே, யார் அது?

கிளேர் டோரி. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. மரணத்தைப் பற்றிய ஆக்கம், சொல் வேண்டாம் என்றார்கள். உன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள் என்ற முடிவுக்கு அவரே வந்து, இரண்டு மூன்று முறை பாடிவிட்டு, சரியாக வரவில்லையோ என்ற தயக்கத்தோடு வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூலி 30 பவுண்டு. அந்த மெட்டை அந்த நொடியில் உருவாக்கியதே அவர்தானே? 2004-இல் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்து, இப்போது ஆக்கியவர் என்ற இடத்தில் ரைட்டோடு அவர் பெயரும் வருகிறது. முப்பது வருடம் தாமதம்.

'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' பாரெட்டைப் பற்றியதுதானே? பதிவின்போது அவரே வந்தாராமே?

ஆமாம், இரண்டுக்கும். 1975 ஜூன் 5. 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் வேலை அபி ரோடில் நடந்துகொண்டிருந்தது. பருத்த உடல், மழித்த தலை, புருவமும் இல்லாமல் ஓர் ஆள் உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஸ்டூடியோ ஊழியர் என்று ஒருவர் நினைத்தார், யாரோ விருந்தாளி என்று இன்னொருவர் நினைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் அது சிட் என்று உறைத்தது. அவர் இல்லாத குறையைப் பாடும் ஆல்பம். அவர் வந்து நிற்கிறார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்குமேல் என்ன எழுதுவது?

அந்தப் பாட்டில் குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரப்படாதீர்கள். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. முதலில் ரைட்டின் சின்தசைசர் தரை விரிக்கும். கொஞ்சம் தள்ளி கில்மர் நான்கே சுரங்களை ஒலிக்கவிட்டுக் கையை எடுத்துவிடுவார். மறுபடி அதே நான்கு. அந்த நான்கு சுரத்தைக் கேட்ட பிறகுதான் வாட்டர்ஸுக்குப் பாட்டு வந்தது.

கில்மர் வேகமாகவே வாசிப்பதில்லையே, அவரை ஏன் பெரிய கிட்டார் கலைஞர் என்கிறார்கள்?

அவர் வாசிக்காமல் விடும் இடங்களுக்காக. ஒரு சுரத்தைத் தந்தியில் வளைத்து மேலே கொண்டுபோய் நிறுத்தி, அது அறையில் கரையும்வரை விடுவார். 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' கடைசி வாசிப்பு ஒரே மூச்சில் வந்ததும் இல்லை. ஐந்தாறு முறை வாசித்து, எந்த வாசிப்பில் எந்தத் துண்டு நன்றாக இருக்கிறது என்று குறித்து, மிக்ஸிங்கில் அவற்றைக் கோத்தார். கேட்டால் கோத்த தையல் தெரியாது.

ரைட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

அதுதான் எனக்கும் மனக்குறை. சண்டை போட்ட வாட்டர்ஸ், கில்மர் இருவரின் பெயரை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. பிங்க் ஃப்ளாய்டின் அந்தப் பனிமூட்டமான நிறம் பெரும்பாலும் ரைட்டின் கை. அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்த ஆள், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில் அது தெரியும். 2008-இல் அவர் இறந்த பிறகு, முன்பு ஒதுக்கிவைத்த பதிவுகளிலிருந்து அவர் வாசித்தவற்றை எடுத்து 2014-இல் 'த எண்ட்லெஸ் ரிவர்' போட்டார்கள். ஆல்பமாகச் சுமார்தான். அந்தக் கீபோர்டுக்காக வைத்திருக்கிறேன்.

பன்றி பறந்து போன கதை உண்மையா?

உண்மை. 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் அட்டைக்காக 1976 டிசம்பரில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்துக்கு மேலே காற்றடைத்த ராட்சதப் பன்றியைக் கட்டினார்கள். முதல் நாள், பன்றி அறுத்துக்கொண்டு போனால் சுட்டுத்தள்ளத் துப்பாக்கிக்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள், பன்றி அசையவில்லை. அடுத்த நாள் அவர் இல்லை, கயிறு அறுந்தது. ஹீத்ரோ விமானங்களைக் கலவரப்படுத்திவிட்டு, கென்ட்டில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது.

'த வால்' எதைப் பற்றியது?

1977 ஜூலையில் மான்ட்ரியல் ஸ்டேடியத்தில், முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ரசிகர்மேல் வாட்டர்ஸ் துப்பிவிட்டார். துப்பிய பிறகு தன்னைக் கண்டே அதிர்ந்து போனார். எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே என்ற எண்ணத்திலிருந்து 1979-இல் வந்த இரட்டை ஆல்பம் இது. அந்தச் சுவருக்கு ஒவ்வொரு செங்கல்லாக வருகிறது: போரில் இறந்த அப்பா, பொத்திப் பொத்தி வளர்த்த அம்மா, அடித்த ஆசிரியர். வாட்டர்ஸின் அப்பா 1944-இல் இத்தாலியில் ஆன்சியோ போரில் இறந்தபோது இவர் ஐந்து மாதக் குழந்தை.

மேடையில் நிஜமாகவே சுவர் கட்டினார்கள். பாடப் பாட அட்டைச் செங்கற்கள் ஏறி, இடைவேளைக்குள் குழுவே மறைந்துவிடும். 1980, 81-இல் நான்கு ஊர்களில் 31 காட்சிகள். செலவு எக்கச்சக்கம், நஷ்டம். இதில் ஒரு வேடிக்கை: ரைட்டைப் பதிவின்போதே வாட்டர்ஸ் வெளியேற்றிவிட்டதால், மேடைக்கு அவர் சம்பளத்துக்கு வந்தார். பணம் பார்த்தது அவர் ஒருவர்தான்.

பள்ளிப் பிள்ளைகள் பாடும் அந்தப் பிரபலமான பாட்டு, 'அனதர் பிரிக் இன் த வால்', ஸ்டூடியோவுக்குப் பக்கத்துப் பள்ளி மாணவர்களை வைத்து எடுத்தது. தென்னாப்பிரிக்காவில் கல்விப் பாகுபாட்டை எதிர்த்த மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1980-இல் அரசு அதைத் தடை செய்தது.

ஏன் பிரிந்தார்கள்? வாட்டர்ஸ் பக்கமா, கில்மர் பக்கமா?

வாட்டர்ஸ் 1985-இல் விலகி, பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போனார். 1987-இல் சமரசம் ஆனது. பெயர் கில்மர், மேசன் பக்கம் போயிற்று. அதற்கப்புறம் வந்தவற்றில் 1994-இன் 'டிவிஷன் பெல்' நல்ல ஆல்பம், குறிப்பாகக் கடைசிப் பாட்டு. என் தீர்ப்பு: வாட்டர்ஸிடம் சொல்ல விஷயம் இருந்தது, கில்மரிடமும் ரைட்டிடமும் அதை வைக்க இடம் இருந்தது. 1983-இன் 'ஃபைனல் கட்' ஆல்பத்தில் விஷயம் மட்டும் இருக்கிறது, 1987-இன் ஆல்பத்தில் இடம் மட்டும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரே மேடையில் ஏறினார்கள், 24 வருடங்களுக்குப் பிறகு. ரைட் போய்விட்டதால் இனி அது நடக்காது. 2022-இல் உக்ரைனுக்காகக் கில்மரும் மேசனும் இந்தப் பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள்.

போதை ஏற்றிக்கொண்டு கேட்டால்தான் புரியுமா?

இல்லை. பாரெட் விலகிய பிறகு இவர்கள் அப்படியொன்றும் போதைக் குழுவாக இருக்கவில்லை. டார்க் சைட் பதிவை நிறுத்திவிட்டுக் கால்பந்தும் மான்டி பைத்தான் நகைச்சுவைத் தொடரும் பார்க்கப் போய்விடுவார்கள். நல்ல ஹெட்ஃபோன் போதும்.

எங்கிருந்து தொடங்கட்டும்?

'விஷ் யூ வேர் ஹியர்', அப்புறம் 'எக்கோஸ்', அப்புறம் டார்க் சைட். பாரெட் காலத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் யாருக்காக இத்தனை ஏக்கம் என்று விளங்கும்.

ஷஃபிளில் போட்டுக் கேட்கலாமா?

கூடாது. ஒரு பாட்டு முடியும் இடத்தில்தான் அடுத்தது பிறக்கிறது, நடுவே வெட்டினால் இரண்டும் மூளியாகிவிடும். டார்க் சைட் இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடியும். முடிந்தது என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். சில மறுபதிப்புகளில் அந்தத் துடிப்பு தேயும்போது சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டால், மிக மெலிதாக, எங்கோ தூரத்து அறையில் ஓர் இசைக்குழு பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை வாசிப்பது கேட்கும்.